நீதிமன்ற ஊழலும் நடுவுநிலை அறமும் : புனே நகரை முன்வைத்து

முன்னுரை

நீதிமன்ற ஊழலை வளர்ச்சித் திட்டங்களால் களைய இயலுமா, அன்றி அது நீதிபதியின் அறவுணர்வை மட்டுமே சார்ந்ததா என்னும் வினா காலந்தோறும் எழுவதாகும். அதனைப் புனே நகரின் இரு சான்றுகள் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனிமனித அறம்

பேஷ்வாக்களின் புனேயில் தலைமை நீதிபதியாக விளங்கியவர் இராம சாஸ்திரி பிரபுணே. 1773ஆம் ஆண்டு பேஷ்வா நாராயணராவ் சனிவார்வாடா அரண்மனையில் கொல்லப்பட்டார். அவருடைய சிறிய தந்தை இரகுநாதராவ் ஆட்சியேற்றார். அவரையே குற்றவாளி எனக் கண்ட சாஸ்திரி, உயிரைத் தருவதே இதற்குக் கழுவாய் என அவர் முன்னிலையில் உரைத்து, பதவியைத் துறந்து நகர் நீங்கினார் என்பது மராட்டியர் போற்றும் வரலாறு. ஆயினும் அத்தண்டனை நிறைவேறவில்லை.

சிலப்பதிகாரப் பாண்டியனும் இங்கு ஒப்பு நோக்கத்தக்கவன். பிழையுணர்ந்த கணமே அவன் உயிர் நீத்தான். ஆனால் பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றதால் கோவலன் அதற்கு முன்பே வெட்டுண்டான். ஒருவரிடம் தீர்ப்பை நிறைவேற்றும் அமைப்பு இல்லை. மற்றவனிடம் விசாரணை முறை இல்லை. இருவரின் அறமும் உயர்ந்தது. பாதிக்கப்பட்டோருக்கு நீதி கிட்டவில்லை.

திட்டத்தின் பணி

2007இல் தொடங்கிய மின்நீதிமன்றத் திட்டத்தின் வழக்குத் தகவல் மென்பொருள் புனேயிலுள்ள தேசியத் தகவலியல் மையத்தில் உருவானது. 2023இல் மத்திய அமைச்சரவை இதன் மூன்றாம் கட்டத்திற்கு 7,210 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. வாய்தா நாளும் உத்தரவும் அலுவலர் ஒருவரின் கையில் மட்டும் இருக்குமாயின் அவற்றுக்கு விலை உண்டாகும். அவை எல்லோருக்கும் தெரியும்போது கையூட்டுக்கான வாயில் ஒன்று அடைபடுகிறது. வழக்குரைஞருக்கே பணம் திரட்ட இயலாத ஏழைக்கு இது சிறிய பயனன்று.

எனினும், வாய்தா வழங்கப்பட்ட நாளைக் கணினி காட்டும். வழங்கியவர் மனம் எப்பக்கம் சாய்ந்தது என்பதைக் காட்டாது. வள்ளுவர் நடுவு நிலைமையைத் தனி அதிகாரமாக வகுத்தமை இவ்விடத்தில் எண்ணத்தக்கது.

முடிவுரை

நேர்மையாக இருப்பதற்குப் பதவியையோ உயிரையோ துறக்க வேண்டிய நிலை நிலவுமாயின், அந்நேர்மை சிலருக்கே கைகூடும். எளிய மனிதரும் அஞ்சாது நேர்மையாக இருக்க வழிசெய்வதே வளர்ச்சித் திட்டத்தின் அறப்பயன் எனலாம். அது நடுவுநிலைக்குத் துணையாகுமே அன்றி மாற்றாகாது என்பது இவ்வாய்வின் முடிபாகும்.