ஆயுதத்தின் அழகும் அமானிதமும்

கொல்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளை அதன் அழகுக்காக நேசிப்பது அறத்துக்கு ஏற்புடையதா என்னும் வினா பழைமையானது எனினும், துவக்கு வைத்திருப்போர் பழைய மெக்னம் ரிவோல்வர்களின் மீது இன்றும் கொண்டிருக்கும் பற்றை நோக்கும்போது அது புதிதாகக் கூர்மை பெறுகிறது. ரிவோல்வர் என்பது, ரவைகளைத் தாங்கிய உருளையொன்று ஒவ்வொரு வெடிக்கும் ஓர் அறை வீதம் சுழன்று கொடுக்கும் கைத்துப்பாக்கி. மெக்னம் என்பது, வழமையான ரவையிலும் பார்க்கக் கூடிய அழுத்தத்தோடு, கூடிய வேகத்தில் பாயும் ரவைக்கு வழங்கும் பெயர். 1935இல் அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் .357 மெக்னம் ரிவோல்வரை வெளியிட்டது, 1955இல் கோல்ட் நிறுவனத்தின் பைத்தன் வந்தது, அதே காலப்பகுதியில் .44 மெக்னமும் பிறந்தது. 1980களிலும் 1990களிலும் அமெரிக்கப் பொலிஸார் கூடுதல் ரவை கொள்ளும் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுக்கு மாறியபோது இவற்றின் தேவை பெரிதும் குறைந்தது. ஆயினும், தயாரிப்பு நின்றுபோயிருந்த பைத்தனை 2020இல் அந்நிறுவனம் மீண்டும் செய்து விற்கத் தொடங்கியது. பயன் தேய்ந்த பின்னும் பற்று தேயவில்லையெனின், அந்தப் பற்றின் வேர் பயனில் மட்டும் இல்லை என்பது தெளிவு.

அவ்வேரின் ஒரு பகுதி, அக்கருவியின் இயக்கம் கண்ணுக்கு மறைவின்றி நிகழ்வதில் இருக்கிறது. விசையை இழுக்க, உருளை ஓர் அறை நகர்ந்து பூட்டிக்கொள்வதும், சுத்தியல் பின்னே எழுந்து விழுவதும் கையால் உணரத்தக்கவை. எத்தனை ரவை இருந்தது, எத்தனை செலவாயிற்று என்பதை உருளையைத் திறந்த மாத்திரத்தே எண்ணிவிடலாம். .357 மெக்னத்தின் பித்தளைக் கோது, அதற்கு முன்னோடியான .38 ஸ்பெஷல் கோதிலும் பார்க்க ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளமானது. பழைய, வலுக்குறைந்த ரிவோல்வரில் புதிய ரவையை எவரேனும் இட்டுத் தம்மையே காயப்படுத்திக்கொள்ளாதிருக்க, அது உள்ளே முழுமையாகப் புகாதவாறு வேண்டுமென்றே நீட்டப்பட்டது. ஆற்றலைப் பெருக்கியவர்களே அவ்வாற்றலுக்கு ஒரு வரம்பையும் உலோகத்தில் வகுத்தனர். பழைய ரிவோல்வரை நேசிப்போர் அதில் காண்பது எண்ணிக்கைக்குட்பட்ட, வரம்புக்குட்பட்ட ஓர் ஆற்றலையே என்று கூறுவது பொருந்தும்.

இத்தகைய பற்றை அறிய இலங்கையின் மடவளை ஊர் வாசகர் கடல்கடந்து செல்ல வேண்டியதில்லை. தும்பறைப் பகுதியில் அமைந்த அவ்வூர், 1815 வரை அந்நியருக்குப் பணியாதிருந்த கண்டி அரசின் எல்லைக்குள் இருந்தது. இலங்கைக் கம்மியர் செய்த துவக்குக் குழாய்களின் சிறப்பை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன் வியந்து பதிந்துள்ளார். கண்டித் துவக்குகளின் வெடிவிசை இடப்பக்கத்தில் அமைந்திருந்தது. அடிப்பகுதி இரண்டாகப் பிளந்து சுருண்டிருந்தது. பலவற்றில் செதுக்கு வேலையும் உலோகப் பதிப்பும் செய்யப்பட்டிருந்தன. 18ஆம் நூற்றாண்டில் லெவ்கே திசாவை என்னும் பிரதானி கண்டி மன்னருக்குக் காணிக்கையாக அளித்த சிறு பீரங்கி, வெண்கலத்தின் மேல் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது. போர்க்களத்தில் முழங்குவதற்கன்றி, மாட்சியைக் காட்டுவதற்கே அது அலங்கரிக்கப்பட்டது. எனினும் 1765இல் கண்டியைச் சூறையாடிய ஒல்லாந்தப் படை அதனைக் கைப்பற்றிச் சென்றது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்தபின், 2023இல் அது இலங்கைக்கு மீளக் கையளிக்கப்பட்டது. சுடாத ஆயுதமும் சூறையின் பொருளாகலாம் என்பதற்கு அந்தப் பீரங்கி சாட்சி.

கண்டிக் கம்மியரின் கலையை 1908இல் வெளியான தமது பெருநூலில் ஆராய்ந்த ஆனந்த குமாரசுவாமி, அழகைப் பயனிலிருந்து பிரிக்கலாகாது என்னும் கொள்கையைத் தம் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர். அவர் கருத்தில், ஒரு பொருள் தான் எதற்கென்று ஆக்கப்பட்டதோ அதற்கு முற்றிலும் தக்கதாய் அமைவதே அழகு. பயனற்ற அழகு வெறும் அலங்கார மயக்கம். இக்கொள்கையை ஏற்போருக்கு ஆயுதம் ஒரு கடுமையான சோதனையாகிறது. பானையின் அழகு நீர் கொள்வதில் நிறைவுறுமாயின், துவக்கின் அழகு எதில் நிறைவுறும்? அதன் பயன் உயிரைப் போக்குவது. அப்பயனை நீக்கிவிட்டு அழகை மட்டும் நேசிப்பதாகச் சொல்வோர், அந்த அழகு எங்கிருந்து வந்ததென்பதை மறைக்கிறார்கள். பயனோடு சேர்த்தே நேசிப்பதாகச் சொல்வோரோ இன்னும் பெரிய கேள்விக்கு விடை கூற வேண்டியவராகின்றனர்.

அரிஸ்டோட்டிலைப் பின்பற்றித் தோமஸ் அக்குவைனஸ் வகுத்த பிரிவொன்று இங்கே ஓரளவு உதவுகிறது. கலை என்பது செய்பொருளின் செம்மையை நாடுவது. விவேகம் என்பது செய்பவரின் செம்மையை நாடுவது. நல்ல வாளைச் செய்தவர் நல்ல கம்மியரே, ஆனால் அதனாலேயே நல்ல மனிதராகிவிடுவதில்லை. இப்பிரிவு கம்மியரை விடுவிக்கிறதே தவிர, அவ்வாளைத் தன் கையில் ஏந்தி மகிழ்பவரை விடுவிப்பதில்லை. அவருடைய மகிழ்ச்சி எத்தகையது என்பதைச் சமய மரபுகளே நுணுகி ஆராய்ந்துள்ளன.

கண்டியின் எசல பெரஹெரா ஊர்வலத்தில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பொன் ஆயுதங்கள் யானைமேல் ஏற்றிச் செல்லப்படுகின்றன. விழாவின் நிறைவில் கெட்டம்பையில் மகாவலி கங்கையின் நீரை வாளால் வெட்டும் சடங்கு நிகழ்கிறது. அந்த வாள் தொடுவது நீரை மட்டுமே. நவராத்திரியின் இறுதியில் வரும் ஆயுத பூசையன்றும் கருவிகள் துடைக்கப்பட்டு, பொட்டிடப்பட்டு, வேலையின்றி ஓய்வில் வைக்கப்படுகின்றன. ஆயுதத்தைப் போற்றும் வேளையே அது செயலற்றிருக்கும் வேளையாக அமைவது சிந்தனைக்குரியது. பௌத்தம் இதனினும் ஒரு படி மேலே சென்று, இல்லறத்தார் செய்யத் தகாத ஐந்து வணிகங்களுள் ஆயுத வணிகத்தைச் சேர்த்தது; அங்குத்தர நிகாயம் என்னும் பௌத்த நூல் அதனை உயிர், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவற்றின் வணிகத்தோடு ஒன்றாக வைத்து எண்ணுகிறது.

இஸ்லாமிய மரபு ஆயுதத்தின் அழகை மறுக்கவில்லை. நபிகளாரின் வாட்பிடியின் முனை வெள்ளியாலானது என்ற அறிவிப்பு உண்டு. வெள்ளிப் பாத்திரத்தில் அருந்துவதைத் தடுத்த சட்ட அறிஞர்கள், வாளை வெள்ளியால் அலங்கரிப்பதை அனுமதித்தனர். ஆனால் அதே மரபு, ஆயுதத்தை ஏந்தும் கைக்கு நுண்ணிய ஒழுக்கங்களை விதித்தது. உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் மற்றவரிடம் கொடுக்கலாகாது. அம்போடு பள்ளிவாசலுக்கோ சந்தைக்கோ வருபவர் அதன் கூர்முனையைத் தம் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். உடன்பிறந்த சகோதரனை நோக்கியேனும் இரும்பை நீட்டுபவரை, அதனைக் கீழே வைக்கும்வரை வானவர்களான மலக்குகள் சபிக்கின்றனர் என்று ஸஹீஹ் முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பு அறிவிக்கிறது. விளையாட்டாகச் செய்தேன் என்னும் சாக்குக்கு இங்கே இடமில்லை. பிறருக்கு நேரக்கூடிய தீங்கின் கூர்முனை முதலில் ஏந்தியவரின் உள்ளங்கையிலேயே உறுத்த வேண்டும் என்பதே இவ்விதிகளின் உட்பொருள்.

இவ்வொழுக்கம் கையோடு நின்றுவிடுவதில்லை. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யா என்னும் நூலில் கோபத்துக்கும், பெருமைக்கும், தன்னையே வியந்துகொள்ளும் நோய்க்கும் தனித்தனியே இடமளித்து அவற்றை உள்ளத்தின் பிணிகளாக விளக்குகிறார். பாரமான ரிவோல்வரைக் கையில் எடுத்தவருக்கு, கருவியின் மீதுள்ள ஆதிக்கம் தன்மீதே உள்ள ஆதிக்கம் போலத் தோன்றக்கூடும். உருளையின் துல்லியம் தன் குணத்தின் துல்லியமென்று நப்ஸு, அதாவது தன்முனைப்பு கொண்ட உள்மனம், ஏமாற்றக்கூடும். ரவையின் கோதை நீட்டி ஆற்றலுக்கு வரம்பிட உலோகத்தில் இயலும். கோபத்துக்கு அத்தகைய வரம்பை எந்தத் தொழிற்சாலையாலும் இட இயலாது. மெக்னத்தின் கவர்ச்சியில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஆதலால், ஆயுதத்தின் அழகைப் பாவமென்று ஒரேயடியாகத் தள்ளுவதும், கலையென்று ஒரேயடியாகக் கொள்ளுவதும் சரியான விடைகள் ஆகா. அதனை அமானிதமாக, அதாவது இறைவனாலும் சமூகத்தாலும் ஒப்படைக்கப்பட்டு மீளக் கணக்குக் கேட்கப்படும் பொருளாகக் கருதுவதே நேரிய வழி. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் விவசாயியின் துவக்குக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். இதனை அரசின் தொந்தரவென்று மட்டும் பார்ப்பவர் அதன் அறத்தைத் தவறவிடுகிறார். அமானிதத்தின் அடையாளம் திருப்பிக் கொடுக்க இயலுதல். தன் பழைய ரிவோல்வரை நேசிப்பவர், அதனை ஒப்படைக்கும்படி நியாயமாகக் கேட்கப்படும் நாளில் கசப்பின்றி ஒப்படைக்க இயலுமாயின், அவர் நேசித்தது கம்மியரின் திறனை. இயலாதாயின், அவர் நேசித்தது தனக்குக் கிடைத்த அதிகாரத்தை. முன்னது அழகின் மீதுள்ள மதிப்பு, பின்னது அடிமைத்தனம். இவ்விரண்டையும் தம்முள்ளே பிரித்தறியும் பொறுப்பு ஆயுதம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.