காயும் காரணமும்

ஒருவன் செய்யும் செயல் சரியாயிருந்தும், அதன் காரணத்தை அவன் அறியானாயின், அவனை அறிந்தவன் என்று சொல்லலாகுமா? இவ்வினாவை நமக்கு எழுப்பியது பெரியதொரு நூலன்று. ஈப்போவில் ஒரு ஞாயிறு மாலை நாம் தோற்ற சதுரங்க ஆட்டமே.

கறுப்புக் காய்களுக்குரிய 'மெரான்' என்னும் தொடக்க முறையை நாம் மனப்பாடம் செய்திருந்தோம். 1924-இல் இத்தாலியிலுள்ள மெரான் நகரில் ரூபின்ஸ்டைன் குரூன்ஃபெல்டை அம்முறையால் வென்றமையின் அப்பெயர் வந்தது. எதிரே அமர்ந்த தோட்டத்து இளைஞனோ, எட்டாம் நகர்த்தலில் நாம் படித்திராத வழியே திரும்பினான். நம் கை நின்றுவிட்டது.

மெரானின் உட்கருத்து காலத்தைப் பற்றியது. வெள்ளையின் மந்திரி ஒருமுறை நகரும்வரை கறுப்பு பொறுத்திருக்கிறது. நகர்ந்தபின், தன் நடுச் சிப்பாயால் பக்கத்திலுள்ள வெள்ளைச் சிப்பாயை வெட்டுகிறது. அதனைத் திருப்பி வெட்ட மந்திரி மறுமுறை நகர வேண்டும். உடனே மற்றொரு கறுப்புச் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து மந்திரியை மீண்டும் விரட்டுகிறது. இவ்வாறு ஈட்டிய காலத்தைக் கொண்டு, அடைபட்டிருந்த தன் மந்திரிக்கு வழி திறந்து, விட்டுக்கொடுத்த நடுவிடத்தைக் கறுப்பு தாக்குகிறது. விட்டது தோல்வியன்று, கடனே. இதனை உணராது காய்களை மட்டும் நகர்த்தியவர் நாம்.

உணர்ந்து ஆடியவர் சென்னை விசுவநாதன் ஆனந்த். 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், கிராம்னிக்குக்கு எதிராக மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்களில் கறுப்புக் காய்களுடன் இம்முறையையே கையாண்டார். பதினான்காம் நகர்த்தலில் ஒரு சிப்பாயைக் காவாது விட்டு, மந்திரியை நீண்ட மூலைவிட்டத்தில் நிறுத்தி, வெள்ளை ராஜாவைக் குறிவைத்தார். இரண்டிலும் வென்றார், 6½–4½ என்ற கணக்கில் பட்டமும் அவரிடமே நின்றது. அந்நகர்த்தலை அவரும் துணைவரும் முன்னரே ஆராய்ந்து மனத்திற் பதித்திருந்தனர். ஆகவே மனப்பாடம் இழிந்ததன்று. காரணத்திற்கு ஏவல் செய்யுங்கால் அது நன்மையே பயக்கும்.

நம் குற்றம் பலகையோடு நிற்கவில்லை. ஆங்கிலப் பள்ளியில் விடைகளை ஒப்பித்துப் பழகிய நாம், ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை நிற்கும் தோட்டத்தில் கிராணியாகியும் அவ்வாறே கணக்கெழுதி வந்தோம். அவ்வாட்டத்திற்குச் சில நாள் முன்னர் முதிய தொழிலாளி ஒருவர் சம்பளச் சீட்டை நீட்டி, "ஏன் ஐயா இந்தப் பிடித்தம்?" என்றார். "சட்டம் அப்படி" என்றோம். பழுக்காத குலையில் எண்ணெய் குறைவு. அதனை வெட்டியவருக்கே பிடித்தம் என்னும் காரணத்தை, ஞாயிற்றுத் தோல்விக்குப் பின்னரே கேட்டறிந்தோம். அறிந்தபின் ஏட்டைப் புரட்டினால், அவர் பெயரில் ஏறியிருந்த குலைகளுட் சில அவர் வெட்டியவையே அல்ல. பிழை நம் கையினது. திருத்தினோம், பணம் அவரிடம் சேர்ந்தது.

காரணம் அறியாதவன் சட்டத்தைக் காக்கலாம். அது பிழைபட்ட இடத்தைக் காணமாட்டான். ஆட்டத்தில் அதனால் வீழ்வது நம் மர ராஜா ஒருவனே. கணக்கேட்டில் வீழ்வதோ பிறர் கூலி. ஆதலின் அன்பர்களே, சிறியவராயினும் எளியவராயினும் "ஏன்?" என்று கேட்பாரை அதட்டாதீர்கள். விடை தெரியாதாயின், அவரோடு சேர்ந்து தேடுங்கள்.