இருபது ரூபாய் மீனுக்கு வைத்தியமா?

காரைக்கால் பக்கத்துக் கருக்களாச்சேரி, மீன்பிடித்து வாழும் ஊர். அங்கே ஒரு வீட்டில் அடுப்பில் சங்கரா மீன் குழம்பு கொதிக்கிறது. கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் கோல்டுஃபிஷுக்கு மருந்து தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'இதென்னங்க நியாயம்?' என்று சிரிப்பீர்கள்.

குழம்பு மீனுக்கு மட்டும் வலிக்காதா? வலிக்கும். பிரிட்டனில் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீன்களை ஆராய்ந்து, வலியை உணரும் நரம்புகள் மீனுக்கும் உண்டு என்று 2003-லேயே காட்டிவிட்டார்கள். வலி பொது. கடமைதான் வேறு.

தொட்டி மீனின் உடம்பில் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது ஒட்டுண்ணி. மீனைவிட்டு உதிர்ந்து, நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிரிந்து, மறுபடி மீனைத் தேடும். ஆற்றில் என்றால் பெரும்பாலான குட்டிகள் மீன் கிடைக்காமலே செத்துப்போகும். தொட்டியில் அதே மீன்தான் திரும்பத் திரும்ப மாட்டும். தப்பி ஓட இடமில்லை. அந்த வழியை அடைத்தது யார்? நாம்தானே!

மருந்து புள்ளியைத் தொடாது. நீந்தித் திரியும் குட்டிகளைத்தான் கொல்லும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் பல நாள் மருந்து போடணும், தண்ணீர் மாற்றணும். பார்வைக்கு நன்றாகிவிட்டதே என்று நிறுத்தினால் நோய் திரும்ப வரும்.

கடல் மீனுக்கு நாம் வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் தொட்டி மீனோ, கட்டிப்போட்ட நாயோ, ஓர் உயிர் வெளியேறும் வழியை நாம் அடைத்துவிட்டால், உள்ளே வரும் நோய்க்கு நாம்தான் பொறுப்பு. விலை இருபது ரூபாயாக இருந்தாலும் சரி.