"யார்?" என்பதும் "எதனால்?" என்பதும்

விடையைத் தேடி அலைவோர் பலர். தாம் கேட்ட வினாவைத் திரும்பிப் பார்ப்போர் மிகச் சிலர். வினா எழுந்த அப்பொழுதே விடையிற் பாதி அதனுள் புகுந்து அமர்ந்துவிடுகிறது.

சங்யுத்த நிகாயத்தில் இதற்குச் சான்று உண்டு. மோலியபக்குணர் என்னும் பிக்கு பகவரை அடுத்து, நுகர்பவன் யார், வேட்கை கொள்பவன் யார் என்று ஒன்றன்பின் ஒன்றாக வினவினார். பகவர் ஒன்றற்கும் விடை பகரவில்லை. வினாவே பொருந்தாதென விலக்கி, எதனைச் சார்ந்து நுகர்வு தோன்றுகிறது எனக் கேட்டலே தகும் என்று திருத்தினார். திருத்திய வினாவுக்கு உடனே விடையும் தந்தார்: ஊறு எனப்படும் புலன்தொடர்பைச் சார்ந்து நுகர்வு, நுகர்வைச் சார்ந்து வேட்கை. "யார்" என்றவர், உள்ளே ஒருவன் நிலையாய் வீற்றிருப்பதை முன்னரே ஒப்புக்கொண்டவராகிறார். பின் என்ன விடை கூறினும் அவ்வொருவன் அசையான்.

மணிமேகலையின் 30-ஆவது காதையிலும் விடைவகை நான்கு கூறப்படுகின்றன. வாய்வாளாமை அவற்றுள் ஒன்று. ஆகாயப்பூ பழையதா புதியதா என்பானிடம் பழையது என்றாலும் புதியது என்றாலும், அப்பூ உண்டென்றே ஆகிவிடும்.

நாம் பல்லாண்டு நூற்பாலையில் ரிங் பிரேமின் முன் நின்றோம். இழை அடிக்கடி அறும். "எவன் பார்க்கிற பிரேம் இது?" என்று மேஸ்திரி கூவுவார். ஒரு பெயர் கிடைக்கும், கூலி பிடிக்கப்படும், மறுநாளும் இழை அறும். காற்றில் ஈரம் குறைந்ததா, டிராவலர் தேய்ந்ததா, பஞ்சில் குட்டையிழை மிகுந்ததா என்று கேட்கும் ஃபிட்டர் ஒருவரும் அங்கிருந்தார். ஸ்பானரை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

வீட்டிலும் இதுவே. குழந்தை வயிற்றுப்போக்கால் வாடும்போது, "முற்பிறப்பில் நான் செய்த பாவம் யாதோ" என்று தாய் அழுகிறாள். அவ்வினாவின் முடிவில் ஒரு குற்றவாளி நிற்கவேண்டும்; நிற்பவள் அவளே. எதனால் என்று கேட்டிருந்தால் வழி குடத்து நீருக்கும், சாக்கடை கலந்த குழாய்க்கும், நகராட்சி அலுவலகத்துக்கும் சென்றிருக்கும். துன்பமெல்லாம் முன்வினையே என்ற கொள்கையைப் பகவரே மறுத்தார். பித்தம், சிலேட்டுமம், வாதம், பருவமாற்றம் முதலியவற்றையும் காரணங்களாகச் சீவகர் என்னும் துறவிக்கு எண்ணிக் காட்டினார். இதனை அத்தாய்க்கு எடுத்துச் சொல்வார் இல்லை. பாவத்தை எடுத்துச் சொல்வாரோ தெருவுக்கு நால்வர்!

"யார்" என்பதை விலக்கினால் ஒடுக்குவோன் தப்பிவிடானோ என்று இளைஞர் சிலர் நம்மிடம் வன்மையாகவே கேட்டனர். கேட்டது நன்று. கூலியைப் பிடித்தவன் யாரென்று கேட்கத்தான் வேண்டும்; வழக்குமன்றத்துக்கு அவ்வினாவே உரியது. ஆயினும் அவன் மாறி வேறொருவன் அந்நாற்காலியில் அமர்ந்த பின்னும் கூலி பிடிக்கப்படுகிறதே, அஃது எதனால்? நம் சங்கங்கள் பல, முதல் வினாவுக்கு விடை கிடைத்த அன்றே மாலை சூட்டிக்கொண்டு வீடு திரும்பிவிட்டன.