தாளில் அடங்காத மரப்பெரணி

சிறு செடி என்றால் வேரோடு எடுத்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டிவிடலாம். மரப்பெரணிக்கு அது நடக்காது. உலர்தாவரத் தொகுப்பில் (ஹெர்பேரியத்தில்) பயன்படும் தாளின் நீளம் ஏறக்குறைய 42 செ.மீ.; மரப்பெரணியின் ஓர் இலையே இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். எதை வெட்டி எடுப்பது, எதை விடுவது என்று சேகரிப்பவர் காட்டிலேயே முடிவு செய்தாக வேண்டும். மாதிரியின் மதிப்பு பெரும்பாலும் அந்த முடிவில்தான் இருக்கிறது.

தென்னிந்திய மலைகளிலும் இலங்கை மலைநாட்டிலும் வளரும் ஆல்சோஃபிலா கிரினிட்டா என்ற மரப்பெரணியைப் பார்ப்போம். இதற்குப் பெயரிட்டவர் தாவரவியலாளர் வில்லியம் ஹூக்கர். அந்தக் காலத்தில் இலையின் அடிப்புறத்தைப் பார்த்தே பேரினத்தைப் பிரித்தார்கள். வித்தித்திரளின் மேல் மூடுசவ்வு இருந்தால் சயாத்தியா, இல்லாவிட்டால் ஆல்சோஃபிலா. பின்னர் கோப்லண்ட் என்ற தாவரவியலாளர் இதைச் சயாத்தியாவில் சேர்த்தார். இன்றைய வகைப்பாடு மறுபடியும் ஆல்சோஃபிலா என்கிறது. ஆனால் இப்போது சான்று வேறு. இலைக்காம்பின் அடியிலுள்ள செதிலை உருப்பெருக்கியில் வைத்தால், நுனியில் கருத்த முள்மயிர் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் இன்று பேரினத்தின் முக்கிய அடையாளம்.

ஆகவே இலைநுனியை மட்டும் வெட்டி வந்தவரின் மாதிரி, பழைய கேள்விக்குப் பதில் சொல்லும். புதிய கேள்விக்குச் சொல்லாது. பெயர் மாறும்போதெல்லாம் ஆய்வாளர் தாளில் புதிய சீட்டு ஒட்டுகிறார், பழையதைக் கிழிப்பதில்லை. யார், எப்போது, என்னவென்று கருதினார் என்ற வரலாறு முழுவதும் அப்படியே நிற்கிறது.

சீட்டிலுள்ள எண்களையும் கவனித்துப் படிக்க வேண்டும். 1849 முதல் 1880 வரை இலங்கையின் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தை நடத்திய துவைட்ஸ், ‘சி.பி.’ (சிலோன் தாவரங்கள்) என்ற வரிசையில் எண் கொடுத்தார். அது இனத்துக்கான எண். ஒரு நாளில், ஓர் இடத்தில் எடுத்ததற்கான எண் அல்ல. வெவ்வேறு மலைகளில், வெவ்வேறு ஆண்டுகளில், அவருக்கு முன்னிருந்த கார்ட்னர் போன்றோர் சேகரித்தவையும் ஒரே எண்ணுக்குள் வரக்கூடும். அந்த எண்ணை ஒரே மரத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டால் இடமும் காலமும் பிழையாகிவிடும்.

கணினித் தரவுத்தளத்தில் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு. ஒரே மரத்தில் எடுத்த நகல்கள் லண்டனின் கியூ தோட்டத்துக்கும் பேராதனைக்கும் போயிருந்தால், தரவுத்தளத்தில் இரண்டு பதிவுகள். காட்டிலோ ஒரே மரம். சீட்டில் ‘நீலகிரி’ என்று மட்டும் இருந்தால், வரைபடத்தில் அதன் புள்ளி மலையின் நடுவில் போய் விழும். மரம் நின்ற ஓடைக்கரைக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது.

ஆல்சோஃபிலாவையும் உள்ளடக்கிய பரந்த பொருளில், உலகின் சயாத்தியா இனங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஓர் இனம் எங்கே இருந்தது, எங்கே குறைந்தது என்று சொல்ல இந்தத் தாள்களே முதல் சான்று. ஆகவே இன்று சேகரிப்பவர் செதிலுள்ள காம்படி, இலையின் நடுச்சிறகு, வித்திகள் உள்ள பகுதி ஆகிய மூன்றையும் எடுக்க வேண்டும். தண்டின் உயரம், இலையின் முழு நீளம், கடல்மட்ட உயரம், சரியான இடம் ஆகியவற்றை மரத்தடியிலேயே நின்று எழுதிவிட வேண்டும். தாளில் ஒட்ட முடியாத பாகமெல்லாம் அந்த எழுத்தில் மட்டுமே மிஞ்சும்.