தனிக் குவளையும் தம்மமும்

(மீனாட்சிபுரத்தில் பௌர்ணமி வழிபாட்டின் முடிவில் ஆற்றப்பெற்ற அறவுரை)



மும்மணிகளைச் சரணடைந்து, பஞ்சசீலத்தை ஏற்று, இந்நன்னாளில் ஈண்டுக் கூடியிருக்கிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நிருவாணமன்று, மறுபிறப்புமன்று. நம் அடுக்களையில் இருக்கும் ஒரு தண்ணீர்க் குவளையைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகிறேன். சிறு பொருள்தானே என்று எண்ணற்க. நம் முன்னோரின் கண்ணீர் எத்துணையோ அக்குவளையில் விழுந்திருக்கிறது.

சில திங்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் தனியே வந்து ஒரு கேள்வி கேட்டார். ஊர் எது என்று கூறேன். கேட்டவர் யாரென்று நீங்களும் ஆராய வேண்டா. அவர் கூறியது இது: "ஐயா, எங்கள் வீட்டுக்கு உறவுக் குழந்தை ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. தாயும் தந்தையும் மறைந்துவிட்டனர். குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது. எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஒரே சோப்பு, ஒரே துண்டு, ஒரே சீப்பு, ஒரே கழிப்பறை. இரவில் எனக்கு உறக்கம் வருவதில்லை. அந்தக் குழந்தைக்கு மட்டும் ஒரு தனி டம்ளர் வைத்திருக்கிறேன். அது பாவமா, ஐயா?"

நான் உடனே விடை கூறவில்லை. தனி டம்ளர் என்ற சொல் என் நெஞ்சில் தைத்தது. தேநீர்க் கடையின் வெளிப்புறத்தில், நமக்கென்றே தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்ட குவளையை நம்மில் முதியோர் அறிவர். அதில் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், நம் வீட்டுக்குள்ளேயே ஒரு குழந்தைக்கு அதே குவளையை எடுத்து வைக்கலாமோ?

ஆயினும் அத்தாயை நான் கடிந்துகொள்ளவில்லை. கடிவது அறமுமன்று. தாயின் அச்சம் அன்பிலிருந்து பிறப்பது. எல்லா உயிர்களிடத்தும் கொள்ள வேண்டிய மைத்திரிக்குப் பகவன் காட்டிய உவமையே தாயன்புதான். ஆகவே அந்த அச்சத்தை ஏளனம் செய்யாமல், அதன் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு அழைத்து வருதலே நம் கடமை.

வெளிச்சம் யாது? காலாமர்கள் ஐயுற்று வந்து வினவியபோது, பிறர் சொல்லக் கேட்டோம் என்பதற்காகவோ, வழிவழியாக வந்தது என்பதற்காகவோ ஒன்றை ஏற்க வேண்டா, நீங்களே ஆராய்ந்து தெளியுங்கள் என்று பகவன் அறிவுறுத்தினார். மேலும், காரணம் உளதாயின் காரியம் உளதாம், காரணம் இல்வழிக் காரியமும் இல்லையாம் என்பது நம் தம்மத்தின் அடிப்படை. இவ்வளவுகோலைக் கொண்டே இந்நோயையும் அளந்து பார்ப்போம்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக 1986-ஆம் ஆண்டில் சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுநீதி சாலமன் அவர்களும், அவரிடம் பயின்ற செல்லப்பன் நிர்மலா அவர்களும் அதனைக் கண்டறிந்தனர். இக்கிருமி பரவும் வழிகள் சிலவே. பாதுகாப்பற்ற உடலுறவு ஒன்று. தொற்றுள்ள இரத்தத்தை ஏற்றுதல் ஒன்று. ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றொருவர் பயன்படுத்துதல் ஒன்று. கருவுற்ற காலத்திலோ, பேற்றின்போதோ, தாய்ப்பாலின் வழியாகவோ தாயிடமிருந்து சேய்க்குச் செல்லுதல் ஒன்று. இவ்வழிகளில் குவளை எங்கே இருக்கிறது? சீப்பு எங்கே இருக்கிறது?

எச்சில், வியர்வை, கண்ணீர் ஆகியவற்றால் இக்கிருமி தொற்றுவதில்லை. உடலுக்கு வெளியே வந்தபின் அது விரைவில் வலுவிழக்கும். உண்ட தட்டும், குடித்த குவளையும், படுத்த பாயும், துடைத்த துண்டும், குளித்த சோப்பும், கழிப்பறையும் இதனைப் பரப்புவதில்லை. கொசுக்கடியாலும் பரவாது. ஒரே இலையில் உண்டாலும், ஒரே கட்டிலில் உறங்கினாலும், அணைத்து முத்தமிட்டாலும் பரவாது.

இஃது ஊகமன்று. 1986-ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கு நகர மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். எயிட்ஸ் நோயாளர் 39 பேருடன் ஒரே வீட்டில் வாழ்ந்த, அவர்களோடு உடலுறவுத் தொடர்பில்லாத 101 பேரைச் சோதித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். பாத்திரம், படுக்கை, குளியலறை அனைத்தும் அவ்வீடுகளில் பொதுவாக இருந்தன. தொற்றுக் காணப்பட்டது ஒரே குழந்தைக்கு. அக்குழந்தைக்கும் அது பிறப்பின் வழியாகத் தாயிடமிருந்து வந்திருத்தல் வேண்டும் என்றே மருத்துவர்கள் முடிவு செய்தனர். மருந்தே இல்லாதிருந்த அக்காலத்து நிலை இது.

நிற்க. வீட்டில் எச்சரிக்கையே வேண்டாவோ என்று வினவலாம். உண்மையை முழுமையாகக் கூறுதல் சீலம். வீட்டினுள் இது பரவியதாகப் பதிவான நிகழ்ச்சிகள் மிக மிக அரியன. அவற்றில் காரணமாகக் கருதப்படுவது இரத்தமேயன்றிக் குவளையன்று. ஆதலின் இரத்தம் படும் பொருள்களை மட்டும் பகிர வேண்டா. முகச்சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், ஊசி ஆகியன ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்கட்டும். தொற்றுள்ளவருக்கு மட்டுமன்று, வீட்டிலுள்ள அனைவருக்குமே அவை தனியாக இருக்கட்டும். அப்போது அது தூய்மையாகும். ஒருவருக்கு மட்டும் என்றால் அது தீண்டாமையாகும். காயத்திலிருந்து இரத்தம் வடிந்தால், கையுறையோ பிளாஸ்டிக் பையோ அணிந்து துடைத்து, அவ்விடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். சோற்றைத் தம் வாயில் மென்று சிறு குழந்தைக்கு ஊட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தொற்றுள்ளவரின் ஈறிலிருந்து கசிந்த இரத்தம் அவ்வுணவில் கலந்து குழந்தைக்குத் தொற்றியதாகச் சில நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் பதிவாகியுள்ளன.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். மருந்து உட்கொள்ளாத நிலையில் அக்குழந்தையின் உடலில் நோயெதிர்ப்பு ஆற்றல் குறைவு. நம் வீட்டில் எவர்க்கேனும் காசநோய் இருந்து, அவர் மருத்துவம் பெறாமல் இருமிக்கொண்டிருந்தால், அது அக்குழந்தைக்குப் பெருந்தீங்காகும். அக்குழந்தையின் குவளைக்கு நாம் அஞ்சுகிறோம்; உண்மையில் நம் இருமலுக்கு அஞ்ச வேண்டியது அக்குழந்தையே!

அறியாமையின் விளைவை இக்கேரள நாடே கண்டிருக்கிறது. கொல்லம் மாவட்டத்தில் பெற்றோரை எயிட்ஸ் நோய்க்கு இழந்த இரு உடன்பிறந்த குழந்தைகளைப் பள்ளியில் தம் பிள்ளைகளோடு அமரவிடப் பிற பெற்றோர் மறுத்தனர். 2003-ஆம் ஆண்டில் அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அவர்கள் நேரில் வந்து அவ்விரு குழந்தைகளையும் அணைத்துக்கொண்டார். நாடெங்கும் அப்படம் வெளிவந்தது. ஆயினும் 2006-07 கல்வியாண்டில் கோட்டயம் மாவட்டம் பாம்பாடியில் ஐந்து குழந்தைகளுக்கு அதே கதி நேர்ந்தது. கல்வியில் முன்னின்ற நாடு அன்றோ இது? எழுத்தறிவு வேறு, அச்சம் தெளிதல் வேறு என்பதை உணர்கிறோம்.

எதிர்த்த பெற்றோர் கொடியவர்களா? அல்லர். அவர்களும் தம் மக்கள்பால் அன்புகொண்டவர்களே. அறிவோடு கூடாத அன்பு பிறர் பிள்ளைக்குக் கல்லாகிவிடுகிறது.

கல் என்றவுடன் மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன் நினைவுக்கு வருகிறான். வேள்விக்குக் கட்டப்பட்டிருந்த பசுவை மீட்க முயன்ற அவ்விளைஞனைத் தீண்டத்தகாதவன் என்று கூறி ஊரார் ஒதுக்கினர். வளர்த்த தந்தையும் வீட்டைவிட்டு விலக்கினான். பசித்து அவன் ஏந்திய பிச்சைப் பாத்திரத்தில் சோற்றுக்குப் பதிலாகக் கல்லை இட்டனர். அவனோ மதுரையை அடைந்து, தனக்குக் கிடைத்த பிச்சையைக் குருடர்க்கும் முடவர்க்கும் நோயாளர்க்கும் கொடுத்து, எஞ்சியதைத் தான் உண்டான். அத்தகையவன் கையில்தான் அமுதசுரபி வந்து சேர்ந்தது. ஊர் கல்லிட்ட கைக்கு உலகையெல்லாம் உண்பிக்கும் பாத்திரம் கிடைத்தது! அப்பாத்திரம் ஒன்றே. நோயாளர்க்கு ஒன்று, நலமுடையோர்க்கு ஒன்று என்று இரண்டு அமுதசுரபிகள் இருந்ததில்லை.

பகவனின் வாழ்விலும் ஒரு நிகழ்ச்சி விநய நூலில் உண்டு. வயிற்றுப்போக்கால் துன்புற்ற ஒரு பிக்கு, தன் மலத்திலேயே கிடந்தார். உடனிருந்த பிக்குகள் அவரைக் கவனிக்கவில்லை. பகவன் ஆனந்தரை நீர் கொணரச் செய்து, தாமே நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். பின்னர் தலைப்புறம் பகவனும் கால்புறம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். உங்களுக்கு இங்கே தாயுமில்லை, தந்தையுமில்லை, நீங்களே ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவர் என்று பிக்குகளை வினவினார். எனக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் நோயாளர்க்குத் தொண்டு செய்க என்றும் அருளினார். தாயும் தந்தையும் இல்லாத அக்குழந்தைக்கு இச்சொல் எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள்.

இவற்றையெல்லாம் அத்தாயிடம் எடுத்துரைத்தேன். சில நாள் கழித்து அவர் இல்லத்துக்குச் சென்றேன். அக்குழந்தையே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியது. அன்பர்களே, உண்மையை மறைக்காமல் கூறுகிறேன்: என் கை ஒரு கணம் தயங்கிற்று. இவ்வளவும் படித்த கை, இவ்வளவும் போதித்த கை தயங்கிற்று. குழந்தை அதனைக் கண்டது. அது கண்டது என்பதை நானும் கண்டேன். பிறகு வாங்கிக் குடித்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அறிவு தலையில் இருந்தால் போதாது, கைக்கு இறங்கிவர வேண்டும், அதற்குப் பெயரே பயிற்சி என்று அன்று நான் கற்றேன். எனக்குப் போதித்தது அக்குழந்தையே. தனி டம்ளர் எங்கே என்று நான் கேட்கவில்லை. அடுக்கில் எல்லா டம்ளர்களும் ஒன்றாகவே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

போதிசத்துவர் அம்பேத்கர் 1927-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள் மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். பின்னர் சாதி இந்துக்கள் சடங்கு செய்து அக்குளத்தைத் 'தூய்மை' செய்தனர். குளத்தில் அழுக்கு இருந்ததா, அவர்கள் உள்ளத்தில் இருந்ததா? அதே வினா இன்று நம் அடுக்களையில் நம்மை நோக்கி நிற்கிறது.

இனி நாம் செய்யத்தக்கன சில. தொற்று உளதோ என்று ஐயுறுவோர் கேரளத்தில் ஜ்யோதிஸ் மையத்திலும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையத்திலும் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். 1097 என்னும் எண்ணில் தொலைபேசி வழியாகவும் ஐயம் தெளியலாம். கூட்டு மருந்துச் சிகிச்சை 2004-ஆம் ஆண்டு முதல் அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. நாள்தோறும் தவறாது மருந்து உட்கொள்ளும் குழந்தை படித்து, வளர்ந்து, தொழில் செய்து, நெடுங்காலம் வாழும். கருவுற்ற தாய் உரிய காலத்தில் மருந்து உட்கொண்டால், சேய்க்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழாகக் குறைகிறது. எனவே மருந்து வேளையை நினைவூட்டுதலே நாம் செய்யும் பெரும்பூசை.

ஒருவரது தொற்றைப் பற்றி ஊரில் பேசுதல் வாய்மைச் சீலத்துக்கு மாறானது, சட்டத்துக்கும் மாறானது. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2018-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், கல்வியிலும் வேலையிலும் மருத்துவத்திலும் குடியிருப்பிலும் இவர்களை வேறுபடுத்துவதைத் தடை செய்கிறது. அவர்தம் இசைவின்றி நோய்நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. அக்குழந்தை எது என்று தேடாதீர்கள் என நான் தொடக்கத்திலே வேண்டியது இதன் பொருட்டே.

அன்பர்களே! பொது நீர்நிலையில் நம் முன்னோர்க்கு உரிமை மறுத்தவர்களின் கையில் அச்சமே ஆயுதமாக இருந்தது. அந்த ஆயுதத்தை நாம் ஏந்தலாகாது. இன்றிரவு வீடு சென்று உங்கள் அடுக்களையைப் பாருங்கள். எவர்க்கேனும் தனியாக ஒரு குவளை அங்கே இருக்குமாயின், அதனைக் கழுவி மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள். பௌர்ணமியில் நீங்கள் பகவனுக்குப் படைக்கும் மலரினும் அது மணமுள்ளதாகும்.

நோயுற்றோர் நலம் பெறுக! அஞ்சியோர் அச்சம் நீங்குக! ஒதுக்கப்பட்டோர் உறவு பெறுக!

சாது! சாது! சாது!