பாட்டுக்குள் பறவை உண்டா?

குயில், கிளி, மயில், புறா, சிட்டுக்குருவி ஆகியவற்றை நீக்கிவிட்டால் தமிழர் பாடிய பாட்டுகள் எவ்வளவு மெலிந்துபோகும்! தாலாட்டும் தெம்மாங்கும் சிறுவர் பாட்டும் திரைப்பாடலும் பறவைகளின் துணையின்றி வாழ்ந்ததில்லை. ஆனால் இத்தனை பாடிய நாம் பறவையைப் பார்த்திருக்கிறோமா? இக்கேள்வியை என்னுள் எழுப்பியவள் வடகவுஞ்சியில் நான் கண்ட ஒரு சிறுமி.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் வழியில் உள்ள மலையூர் வடகவுஞ்சி. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே காப்பித் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். மாலைச் செபம் முடிந்ததும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழைய குயில் பாட்டு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தேன். அப்பாட்டில் குயில் ஒரு பெண். அன்பனைத் தேடிக் கூவுகிறாள்.

"ஐயா, கூவுறது ஆண் குயிலுங்க" என்றாள் அச்சிறுமி. "பழனியில எங்க பாட்டி வீட்டு வேப்பமரத்துல பாத்திருக்கேன். அது கறுப்பா இருக்கும். பொட்டைக்குப் புள்ளி புள்ளியா இருக்கும். அது இப்படிக் கூவாது."

நான் சிரித்து மழுப்பினேன். அவள் விடவில்லை. "இங்க ஓடைப் பக்கம் விடியறப்ப ஒரு குருவி சீட்டியடிக்கும். வாங்க, காட்டுறேன்" என்றாள். வருகிறேன் என்றேன். மறுநாள் விடிந்து வெகுநேரமாகியும் நான் போர்வையை விட்டு எழவில்லை. ஊர் திரும்பிப் பறவை நூலொன்றைப் புரட்டியபோது, அவள் சொன்னது முற்றும் சரியென்று கண்டேன்.

கவிஞனுக்குக் கற்பனை உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பாரதியாரின் 'குயில் பாட்டில்' பாடுவதும் பெண்குயிலே. அதனால் அதன் அழகு குன்றிவிடவில்லை. எல்லாம் கனவே என்பதை இறுதியில் கவிஞரே வெளிப்படுத்திவிடுகிறார். பாட்டில் பொய் இருப்பது குற்றமன்று. பாடிவிட்டதாலேயே நேசித்துவிட்டோம் என்று எண்ணிக்கொள்கிறோமே, அங்கேதான் நம் மனச்சான்று உறங்கத் தொடங்குகிறது.

சத்திமுற்றப் புலவரை எண்ணிப் பாருங்கள். மதுரையில் வறுமையில் வாடி, குளிரில் நடுங்கியபடி, ஊரிலுள்ள மனைவிக்கு நாரையைத் தூதனுப்புகிறார். சொந்தத் துயரம் அவ்வளவு இருந்தும் அவர் கண் அப்பறவையின்மேல் நிலைத்திருக்கிறது. அதன் அலகு பிளந்த பனங்கிழங்கு போலிருப்பதைக் காண்கிறார். அது தென்திசைக் குமரி வரை சென்று வடக்கே திரும்பும் என்பதையும் அறிந்திருக்கிறார். நாரை அவருக்குத் தூதாகவும் இருந்தது, நாரையாகவும் இருந்தது. நம் பாட்டுகள் பலவற்றில் பறவை நம் முகம் பார்க்கும் கண்ணாடியாக மட்டுமே இருக்கிறது.

ஆண்டவர் இயேசுவும் வானத்துப் பறவைகளைப் பாடச் சொல்லவில்லை, நோக்கச் சொன்னார். லூக்கா நற்செய்தியில் அவர் சுட்டுவது காகத்தை. மோசேயின் சட்டம் தீட்டென்று ஒதுக்கிய பறவை அது! இனிய குரல் உடையதை நோக்குவது எளிது. இனிமையற்றதையும் தந்தை பேணுகிறார் என்று காண்பதற்கு நின்று பார்க்கும் பொறுமை வேண்டும். புனித பிரான்சிஸ் அசிசியார் 1225ஆம் ஆண்டளவில் இயற்றிய படைப்புகளின் பாடலில் கதிரவனும் நிலவும் காற்றும் நீரும் நெருப்பும் உண்டு, பறவை இல்லை. ஆயினும் பறவைகளின் நண்பர் என்றே உலகம் அவரைப் போற்றுகிறது. வழியில் நின்று அவற்றோடு உரையாடியவர் அல்லவா!

பாராமல் பாடுவதற்கு விலை உண்டு. பழனி மலையின் பெயரையே தாங்கிய சிரிப்பான் என்னும் பறவை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியன்றி உலகில் வேறெங்கும் இல்லை. 1869இல் அறிவியல் அதற்குப் பெயரிட்டது. அது வாழும் சோலைகளை ஒட்டிய புல்வெளிகள் இருபதாம் நூற்றாண்டில் சீகை, தைலமரம், பைன் தோப்புகளாக மாறின. 2013இல்தான் கொடைக்கானல் காடுகள் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. இடைப்பட்ட காலமெல்லாம் நாம் குருவிகளையும் குயில்களையும் குறைவின்றிப் பாடிக்கொண்டுதான் இருந்தோம்.

பறவைக்கு நேர்ந்ததே மனிதருக்கும் நேர்கிறது. ஏழையைப் பற்றிக் கோவிலில் உருகிப் பாடுகிறோம். உழைப்பாளியைப் போற்றிப் பாடுகிறோம். அன்று மலையில் என் பெட்டியைத் தலையில் சுமந்து வந்த பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. அவள்தான் அச்சிறுமியின் தாய் என்பதும் புறப்படும் நாளில்தான் தெரிந்தது.

சென்ற ஆண்டு மீண்டும் வடகவுஞ்சிக்குச் சென்றேன். சிறுமி வளர்ந்து வெளியூரில் படிக்கிறாள். அவளுடைய தாயைப் பெயர் சொல்லி விசாரித்தேன். விடியலுக்கு முன் ஓடைக்கு அவரே வழிகாட்டினார். இருள் பிரியும் வேளையில், யாரோ ஒரு சிறுவன் பாட்டை மறந்து வெறுமனே சீழ்க்கையடிப்பதுபோல் ஒலி எழுந்தது. சீகாரப் பூங்குருவி அது. கருநீலமாய், தோளில் ஒளிரும் நீலத்தோடு, ஈரப்பாறைமேல் நின்றது. அது எனக்காகவும் பாடவில்லை. என்னைப் பற்றியும் பாடவில்லை. பாட்டொன்றும் என் நினைவுக்கு வரவில்லை. பேசாமல் நின்றோம். அன்றைய காலைச் செபம் அதுவே.